பூனை மலத்தில் தாங்க முடியாத நாற்றமா? எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

பூனை மலம் நாறத்தான் செய்யும். முழு மாமிச உண்ணி, அதனால் மணல் போட்டு மூடும் வரை கொஞ்சம் வாடை வீசும். ஆனால் மூடிய பிறகும் அடுத்த அறை வரை எட்டும் நாற்றமும், புளித்த வாடையும், அழுகிய முட்டை வாடையோடு அடிக்கடி காற்று விடுவதும் இயல்பு கிடையாது. சாப்பிட்டது சிறுகுடலில் சரியாகச் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்விடுகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் செரிக்காத புரதத்தை அழுகவும் மாவுச்சத்தைப் புளிக்கவும் வைக்கின்றன. அந்த வாயுக்கள்தான் மூக்கில் ஏறுகின்றன. ஏன் செரிக்கவில்லை என்று கண்டுபிடிக்காமல் ரூம் ஸ்ப்ரே அடித்துப் பயனில்லை.

புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் பதற்றத்தில் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடுகிறார்கள். திங்களன்று பூச்சி மருந்து, புதனன்று புது உணவு, வெள்ளியன்று மெடிக்கல் ஷாப் மாத்திரை. சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது, மோசமானாலும் எதனால் என்று தெரியாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். அதையும் தேதி போட்டு எழுதுங்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். முன்னது பின்னதாகப் போனால் காசும் நாளும் வீணாகும்.

1. இன்றே டாக்டரிடம் போக வேண்டிய நிலையா?

இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மீதியைப் பிறகு படியுங்கள், முதலில் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

- தடுப்பூசி முடியாத குட்டி. வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் சுருண்டு கிடப்பது. இது பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். நாற்றமடிக்கும், ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு இதில் வரும். குட்டிகளில் ஒரு நாள் தாமதம்கூட உயிரைப் பறிக்கும்.
- தார் போலக் கறுத்த மலம், அல்லது கணிசமான ரத்தம்.
- ஈறு வெளுத்திருப்பது, அல்லது தொட்டால் ஈரமில்லாமல் பிசுபிசுப்பது. தோள்பட்டைக்கு மேல் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியாமல் நிற்பது. பிசுபிசுக்கும் ஈறும் படியாத தோலும் உடலில் நீர் வற்றியதற்கு அடையாளம்.
- வளர்ந்த பூனை 24 மணி நேரமாக எதுவும் சாப்பிடவில்லை. குண்டுப் பூனை பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து தனி ஆபத்தாகிவிடும்.
- ஆண் பூனை லிட்டர் பெட்டியில் (பூனை மலஜலம் கழிக்கும் மணல் பெட்டி) திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை. பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுகிறார்கள். சிறுநீர்க் குழாய் அடைப்பாக இருந்தால் ஓரிரு நாளில் பூனை செத்துவிடும். சிறுநீர் பட்டு மணல் கட்டியாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இல்லையென்றால் நள்ளிரவானாலும் போய்த்தான் ஆக வேண்டும்.

2. நாற்றம் எங்கிருந்து வருகிறது?

"வயிறு சரியில்லை" என்று கொண்டுவரும் பூனைகளில் சிலவற்றுக்கு வயிறு நன்றாகவே இருக்கும். ஐந்து நிமிடம் செலவழித்துப் பிரித்துப் பாருங்கள்.

*வாய்:* கொட்டாவி விடும்போது நாற்றமென்றால் பல், ஈறு பிரச்சினை. வயதான பூனையின் வாயில் அமோனியா வாடை வந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

*பின்புற முடி:* பெர்ஷியன் போன்ற நீள்முடிப் பூனைகளில் மிகவும் சாதாரணம். மலம் கொஞ்சம் இளகினாலே தொடை முடியில் ஒட்டிக் காய்ந்துவிடும். பூனை சோபாவில் உட்கார்ந்து எழுந்த இடமெல்லாம் நாறும். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்துத் துடைத்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள முடியை டிரிம்மரால் குட்டையாக்குங்கள். கத்தரிக்கோல் வேண்டாம். பூனைத் தோல் மெல்லியது, முடியோடு சேர்ந்து வெட்டுப்படும்.

*ஆசனவாய்ச் சுரப்பி:* திடீரென்று அழுகிய மீன் வாடை அடித்துச் சற்று நேரத்தில் மறைந்தால் இதுதான். ஆசனவாயின் இரு பக்கமும், கடிகாரத்தில் 4 மணி, 8 மணி முள் நிற்கும் இடங்களில் இந்தப் பைகள் இருக்கின்றன. பயந்தால் தானாகக் கசியும். அடிக்கடி வந்தாலோ, பூனை அங்கேயே நக்கிக்கொண்டிருந்தாலோ டாக்டர் அழுத்தி எடுத்துவிடுவார். வீடியோ பார்த்து நீங்களே அழுத்தாதீர்கள்.

*சிறுநீர்:* கண்ணை எரிக்கும் காரம் என்றால் அது சிறுநீர். கருத்தடை செய்யாத ஆண் பூனையானால் அந்த வாடைக்கு அறுவை சிகிச்சைதான் வழி.

இவை எதுவும் இல்லை, மலமும் காற்றும்தான் என்று உறுதியானால் மேலே போகலாம்.

3. மலத்தை உற்றுப் பாருங்கள், எழுதி வையுங்கள்

நல்ல மலம் பழுப்பு நிறம், உருண்டு நீண்டிருக்கும். அள்ளும்போது மணல் மேலாக ஒட்டியிருக்கும், உருவம் குலையாது, கரண்டியில் ஈரத் தடம் விழாது. வளர்ந்த பூனை நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை போகும்.

தினமும் நான்கு விஷயம் எழுதினால் போதும்: எத்தனை முறை, எவ்வளவு கெட்டி, என்ன நிறம், அன்று என்ன சாப்பிட்டது. ஒரு போட்டோவும் எடுங்கள். டாக்டரிடம் வாயால் விவரிப்பதைவிட ஒரு போட்டோ நூறு மடங்கு உதவும், கூச்சப்பட வேண்டாம்.

பார்க்கத் தெரிந்தால் மலமே பாதி சொல்லிவிடும். அளவு அதிகம், தண்ணீராக, பூனை இளைக்கிறது என்றால் கோளாறு சிறுகுடலில். கொஞ்சம் கொஞ்சமாகப் பல முறை, சளி, கடைசியில் ஒரு துளி சிவப்பு ரத்தம் என்றால் பெருங்குடலில். வெளிறி எண்ணெய்ப் பசையாக இருந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. ஜியார்டியா என்ற குடல் கிருமித் தொற்றிலும் இப்படி வரும். வால் அடியிலோ படுக்கையிலோ காய்ந்த அரிசி போன்ற துணுக்குகள் ஒட்டியிருந்தால் நாடாப்புழு. அவற்றைப் போட்டோ எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் நாடாப்புழு நுண்ணோக்கிப் பரிசோதனையில் அடிக்கடி தப்பிவிடும்.

4. பூச்சி மருந்துக்கு முன்னால் மலப் பரிசோதனை

பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்யும் படி இதுதான். கடையில் கிடைக்கும் பூச்சி மாத்திரைகளில் பெரும்பாலும் பைரான்டெல், பிராசிகுவான்டெல் என்ற இரண்டு மருந்துகள்தான் இருக்கும். உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு இவற்றுக்கு அவை நல்ல மருந்துகள். ஆனால் நாற்றத்துக்குப் பேர்போன ஜியார்டியா, டிரைகோமோனாஸ், காக்சிடியா மூன்றும் புழுக்களே அல்ல, ஒற்றைச் செல் உயிரிகள். இந்த மாத்திரை அவற்றை ஒன்றும் செய்யாது. "பூச்சி மருந்து கொடுத்தாச்சு, அப்போ பூச்சி இல்லை" என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் உணவை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம்.

மாதிரி எடுக்கும் விதம்:

மெடிக்கல் ஷாப்பில் மூடி போட்ட மாதிரிக் குப்பி ஒன்று வாங்குங்கள். பத்து இருபது ரூபாய்தான். மணல் ஒட்டாமல் எடுப்பதற்காக அன்று ஒரு நாள் மட்டும் பெட்டியில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளோ கழுவிய மீன்தொட்டிக் கூழாங்கல்லோ போடலாம். ஒரு டீஸ்பூன் அளவு போதும். சளியோ ரத்தமோ இருந்தால் அந்தப் பகுதியைச் சேர்த்து எடுங்கள். எத்தனை மணிக்குப் போன மலம் என்று குப்பியில் எழுதுங்கள்.

சில மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்விட வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. டிரைகோமோனாஸ் சந்தேகம் இருந்தால் மட்டும் ஃபிரிட்ஜே ஆகாது. குளிரில் அந்தக் கிருமி செத்துவிடும், பிறகு நுண்ணோக்கியில் தெரியாது. சுடச்சுடக் கொண்டுபோக வேண்டும். பல பூனைகள் சேர்ந்திருந்த இடத்திலிருந்து வந்த இளம் பூனை, துள்ளி விளையாடுகிறது, நன்றாகச் சாப்பிடுகிறது, ஆனால் சளியோடு கொடூரமாக நாறும் இளகல், ஆசனவாய் சிவந்து வீங்கியிருக்கிறது என்றால் டிரைகோமோனாஸை மனத்தில் வைத்து டாக்டரிடம் கேளுங்கள். அதற்கான மருந்தும் வேறு, சாதாரண வயிற்றுப்போக்கு மருந்தில் அது போகாது.

ஒரு முறை "ஒன்றும் இல்லை" என்று வந்தால் நம்பிவிடாதீர்கள். ஜியார்டியா விட்டுவிட்டுத்தான் வெளியேறும். ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று மாதிரி கொடுத்தால்தான் நம்பகமான விடை கிடைக்கும்.

நாடாப்புழு இருந்தால் தெள்ளுப்பூச்சிக்கும் சேர்த்து மருந்து வேண்டும். நக்கும்போது தெள்ளை விழுங்கித்தான் பூனைக்கு இந்தப் புழு வருகிறது. தெள்ளு இருக்கும்வரை புழுவும் திரும்ப வரும். இங்கே ஒரு பெரிய ஆபத்து: நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பல நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொன்றுவிடும்.

5. தட்டில் என்ன இருக்கிறது?

பரிசோதனையில் கிருமி இல்லையென்றால் அடுத்த சந்தேகம் சாப்பாடு. நம் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் காரணங்கள் இவை.

*பால்.* பால் குடி மறந்த பிறகு பெரும்பாலான பூனைகளுக்குப் பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். அந்தச் சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். நாற்றம், காற்று, இளகல் எல்லாம் சேர்ந்து வரும். முதலில் பாலை நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவையே இல்லை.

*சோறு.* தயிர்சாதத்தில் நாலு துண்டு மீன் போட்டுப் பிசைந்து வைப்பது பழைய வழக்கம். மாவுச்சத்து அதிகம், இறைச்சி போதாது. ஒரு ஸ்பூன் தயிர் கெடுதல் செய்யாது. ஒரு கிண்ணம் சோறுதான் பிரச்சினை.

*தினமும் மீன்.* மத்தி போன்ற எண்ணெய் மீன்களை மட்டுமே தொடர்ந்து கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடல் கொழுப்பில் அழற்சி வரும். வாரம் ஒன்றிரண்டு முறை, வேகவைத்து, முள் நீக்கிக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், வேண்டவே வேண்டாம்.

*குழம்பில் கிடந்த துண்டு.* வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கழுவிக் கொடுத்தாலும் சாறு இறங்கியிருக்கும்.

*சாக்கிலிருந்து அளந்து விற்கும் ட்ரை ஃபுட்.* விலை குறைவுதான். ஆனால் திறந்த சாக்கு, கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று, வெயில் மூன்றும் சேர்ந்தால் அதன் மேலுள்ள கொழுப்பு சிக்குப் பிடித்துவிடும். கையில் எடுத்து முகர்ந்தால் பழைய எண்ணெய் வாடை வரும். சிறிய பையாக வாங்குங்கள். பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், லேபிளும் பேட்ச் எண்ணும் கையில் இருக்கும். வெட் ஃபுட்டை நம் ஊர் வெயிலில் தட்டில் அரைமணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பிரித்த பவுச்சை ஃபிரிட்ஜில் மூடி வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

*அளவு.* கிண்ணம் காலியாகும்போதெல்லாம் நிரப்பினால் சிறுகுடலால் சமாளிக்க முடியாது. 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு நாளுக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். ட்ரை ஃபுட் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350 முதல் 400 கலோரி என்பதால், 50 முதல் 60 கிராம். கண்ணால் அளக்காதீர்கள், சமையலறைத் தராசில் நிறுத்து மூன்று நான்கு வேளையாகப் பிரியுங்கள்.

6. உணவை மாற்றும் முறை

மாற்றுவதென்று முடிவெடுத்தால் பத்து நாள் எடுங்கள். முதல் மூன்று நாள் புதியது கால் பங்கு, பழையது முக்கால். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அடுத்த மூன்று நாள் புதியது முக்கால். பத்தாவது நாள் முழுதும் புதியது. நடுவில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி இரண்டு நாள் நின்று தொடருங்கள். ஒரே நாளில் மாற்றினால் நல்ல உணவுக்கும் வயிற்றுப்போக்கு வரும், அதைப் பார்த்து "இது ஒத்துக்கவில்லை" என்று அடுத்த பிராண்டுக்கு ஓட வேண்டியிருக்கும்.

வயிறு கலங்கியிருக்கும்போது இடைக்கால உணவாக வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி கொடுக்கலாம். தோல், எலும்பு, உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் தண்ணீரில் மட்டும் வேகவைத்து, நாராகப் பிய்த்து, நாளுக்கு 120 கிராம் போல நான்கைந்து வேளையாகக் கொடுங்கள். வேகவைத்த தண்ணீரையும் கொட்டாமல் ஊற்றுங்கள். பூனைக்கு இன்றியமையாத டாரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். டாரின் குறைந்தால் பார்வையும் இதயமும் பழுதாகும். கால்சியமும் கோழிக்கறியில் இல்லை. அதனால் இது நான்கைந்து நாள் சாப்பாடுதான், நிரந்தர உணவாக்காதீர்கள்.

வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு டீஸ்பூன் சேர்த்தால் மலம் கட்டுப்படும். சில பூனைகள் தொடாது, வற்புறுத்த வேண்டாம். பூனைக்கான புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா) பொடியை டாக்டர் எழுதினால் உணவுக்கு மேல் தூவுங்கள், வெந்நீரில் கலக்காதீர்கள்.

7. மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கக் கூடாதவை

பாராசிட்டமால் கால் மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். அதை முறிக்கும் திறன் பூனை ஈரலுக்கு இல்லை. மனிதர்களுக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையான லோபெரமைடும் வேண்டாம். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கைப் பலர் தாமாகவே உடைத்துக் கொடுக்கிறார்கள். கடும் கசப்பு, பூனை வாயில் நுரை தள்ளி அன்று முழுக்க சாப்பிடாது. அதைவிட, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. நிறுத்தியதும் நாற்றம் திரும்பும். டாக்டர் காரணம் பார்த்து எழுதினால் கொடுங்கள்.

8. லிட்டர் பெட்டியும் தரையும்

நம் வீடுகளில் நாற்றம் என்றதும் கை தானாக பினாயிலுக்குப் போகும். பூனை இருக்கும் வீட்டில் கறுப்பு பினாயில், டெட்டால் இரண்டையும் அடியோடு நிறுத்துங்கள். பூனை தரையில் நடந்து பாதத்தை நக்கும். இவற்றிலுள்ள பீனால் வகைப் பொருள்களை அதன் உடலால் வெளியேற்ற முடியாது. யூகலிப்டஸ் தைலம், டீ ட்ரீ எண்ணெய், கற்பூரமும் அதேபோல்தான். பிளீச்சிங் பவுடரைச் சிறுநீர் பட்ட பெட்டியில் கொட்டினால் அமோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு வரும், உங்களுக்கும் ஆபத்து.

பெட்டியை வாடையில்லாத பாத்திர சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவிட்டாலே போதும். தரையில் பட்ட கறைக்கு நொதி கலந்த கிளீனர் வாங்குங்கள். ஜியார்டியா உறுதியானால் மருந்து முடியும்வரை பெட்டியைத் தினமும் கொதிநீரில் அலசி நன்றாகக் காயவையுங்கள். மருந்தின் கடைசி நாளில் பூனையின் பின்புற முடியையும் கழுவித் துடையுங்கள். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் கிருமியை நக்கி மறுபடி உள்ளே அனுப்பும்.

மணல் 5 முதல் 7 செ.மீ. ஆழம். நாளுக்கு இரண்டு முறை அள்ளுங்கள். கட்டிபிடிக்கும் பென்டோனைட் மணலை மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். கழிவறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். மூடியுள்ள பெட்டி நமக்கு வாடையை மறைக்கும், உள்ளே போகும் பூனைக்கு இரட்டிப்பாக்கும். சில பூனைகள் அதனாலேயே பெட்டிக்கு வெளியே மலம் கழிக்க ஆரம்பிக்கும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் வேறு யாராவது தினமும் அள்ள வேண்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி மலத்தில் வெளிவந்து ஒரு நாளுக்குப் பிறகே தொற்றும் நிலைக்கு வரும், ஆகவே தினமும் அள்ளுவதே பாதுகாப்பு.

9. டாக்டரிடம் போகும்போது: கையில் என்ன, செலவு, நாள்

எடுத்துப்போக வேண்டியவை: தடுப்பூசிப் புத்தகம், கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதியும் மாத்திரை அட்டையும், உணவுப் பையின் முன்பக்க, பின்பக்கப் போட்டோ, ஒரு வாரக் குறிப்பு, மலப் போட்டோ, புதிய மல மாதிரி. பூனையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். கேரியர் இல்லையென்றால் மூடியுள்ள கூடை போதும்.

செலவு ஊருக்கு ஊர் மாறும். நகரத்துத் தனியார் கிளினிக்கில் பார்க்க 300 முதல் 800 ரூபாய், நுண்ணோக்கி மலப் பரிசோதனை 150 முதல் 500 ரூபாய் என்று கையில் வைத்துப் போகலாம். கிளினிக்கிலேயே சிறு அட்டையில் செய்யும் உடனடிப் பரிசோதனைகள் ஆயிரம் ரூபாயைத் தொடும், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை சில ஆயிரம். பணம் நெருக்கடி என்றால் அரசு கால்நடை மருந்தகத்தில் தொடங்குங்கள். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் குறைந்த கட்டணத்தில் பார்க்கலாம். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள்.

மலப் பரிசோதனை முடிவு அன்றே அல்லது மறுநாள் வந்துவிடும், பிசிஆருக்கு ஒரு வாரம் வரை ஆகலாம். ஜியார்டியாவுக்கு வழக்கமாக எழுதும் ஃபென்பெண்டசோல் ஐந்து நாள் மருந்து. மூன்றாம் நாளே மலம் கெட்டியானாலும் நிறுத்தாதீர்கள். வீட்டில் இரண்டு பூனை இருந்தால் மற்றதற்கும் பரிசோதனை வேண்டும். மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஒரு மாதிரி கொடுங்கள்.

கிருமியும் இல்லை, உணவும் ஒழுங்கு, ஆனாலும் மூன்று வாரத்துக்கு மேல் நாற்றம் நீடிக்கிறது என்றால் டாக்டர் முதலில் எளிதில் செரிக்கும் உணவையோ, இதுவரை சாப்பிடாத ஒரே புரத உணவையோ இரண்டு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார். அந்த இரண்டு வாரமும் வேறு ஒரு துணுக்கு பிஸ்கட்கூட வாயில் போகக் கூடாது, பக்கத்து வீட்டுப் பாட்டி வைக்கும் மீன் தலை உட்பட. அதிலும் தீராவிட்டால் வைட்டமின் பி12, கணையச் செயல்பாடு, வயிற்று ஸ்கேன் பார்ப்பார்கள். பூனை எட்டு வயது தாண்டி, நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் இந்தப் படிகளுக்குக் காத்திருக்காமல் முதல் நாளே தைராய்டு ரத்தப் பரிசோதனையும் கேட்டு எடுங்கள்.